ஆகஸ்ட் 15 வந்தால் புளியரையில் ஏன் வண்டி நகர்வதில்லை?

ஆகஸ்ட் 10 தாண்டிவிட்டால் போதும், தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் வருடா வருடம் அதே கேள்விகள் சுற்ற ஆரம்பித்துவிடும். சுதந்திர தினத்தோடு சேர்த்து மூன்று நாள் லீவா, இரண்டு நாளா? குற்றாலத்தில் குளிக்க விடுவார்களா? கேரளாவுக்குள் கார் கொண்டுபோக பாஸ் எடுக்கணுமா? கடைசியாக ஒரு கேள்வி, இதற்குத்தான் யாரும் சரியாகப் பதில் சொல்வதில்லை: ஒரே ஒரு நாள் விடுமுறைக்கு நம் எல்லை ஊரான புளியரையின் எஸ் வளைவிலிருந்து, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவு வரை வண்டிகள் ஏன் இப்படி ஊர்கின்றன?

"குற்றால அருவி சீசன், கூட்டம் வரத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் சீசன் ஜூனிலேயே தொடங்கிவிடுகிறது, ஜூலை ஞாயிறுகளிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அப்போதெல்லாம் நெரிசல் பெரும்பாலும் ஒரு திசையில் இருக்கும். ஆகஸ்ட் 15-ல் மட்டும் மலை ஏறுகிற வண்டியும் மலை இறங்குகிற வண்டியும் அதே இரண்டு மணி நேரத்துக்குள் ஆரியங்காவுக் கணவாயில் முகத்துக்கு முகம் நிற்கின்றன. இதற்குக் காரணம் அருவியில் மட்டும் இல்லை. பாதிக் காரணம் விடுமுறைச் சட்டத்தில் இருக்கிறது, மீதி பஞ்சாங்கத்தில்.

முதலில், விடுமுறை என்றால் எந்த விடுமுறை?

நாம் எல்லாவற்றையும் "கவர்மென்ட் லீவு" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் நான்கு வகை இருக்கிறது.

1. தேசிய விடுமுறை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று மூன்றே நாட்கள். எந்த மாநிலமாக இருந்தாலும் இந்த மூன்றும் உண்டு. மற்ற எல்லாம், தீபாவளி உட்பட, மாநிலத்துக்கு மாநிலம் நாளோ அளவோ மாறக்கூடியவை.

2. பொது விடுமுறை. ஒவ்வொரு மாநில அரசும் ஆண்டுக்கு ஒரு பட்டியல் வெளியிடும். பொங்கல் நம் பட்டியலில் பல நாள், ஓணம் அவர்கள் பட்டியலில் பல நாள். வங்கி மூட வேண்டுமானால் அந்த நாள் 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழும் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். காசோலைக்கும் உண்டியலுக்கும் (பணம் தரச் சொல்லி எழுதும் சீட்டு) கெடு நாள் கணக்குப் பார்க்க வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது, இன்றைக்கும் வங்கிக் கதவைத் திறப்பதும் மூடுவதும் அதன் கையில்தான்.

3. உள்ளூர் விடுமுறை. மாவட்ட ஆட்சியர் அறிவிப்பது. திருவிழா, தேரோட்டம் போன்றவற்றுக்கு வரும். அந்த அறிவிப்பின் கடைசிப் பத்தியைப் பலரும் படிப்பதில்லை: "இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது, எனவே கருவூலங்கள் குறிப்பிட்ட பணியாளர்களுடன் இயங்கும்" என்று இருக்கும். கூடவே, ஈடுசெய்ய ஏதோ ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்றும் இருக்கும். அதாவது இது விடுமுறை இல்லை, கைமாற்று.

4. வரையறுக்கப்பட்ட விடுமுறை. பட்டியலில் இருந்து ஊழியர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வது. ஊர் மொத்தமும் இதற்காக மூடாது, அதனால் நம் விஷயத்துக்கு இது தேவையில்லை.

தனியார் ஆலைகள், கடைகள் எப்படி என்றால், தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் ஒன்று 1958-ல் வந்தது. கேரளமும் அதே 1958-ல் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. நம் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாயம், அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாட்கள் உண்டு. பண்டிகை நாள் எது என்பதில் நிர்வாகமும் தொழிலாளர்களும் பேசி முடிவெடுக்க இடம் உண்டு. ஆகஸ்ட் 15-ல் அந்தப் பேச்சே கிடையாது.

இப்போது எல்லையைக் கொண்டுவாருங்கள்

செங்கோட்டையில் இருந்து பார்த்தால் இதன் பொருள் உடனே புரியும். ஒரு மலை, இரண்டு பக்கமும் இரண்டு காலண்டர். தைப்பொங்கலுக்கு இந்தப் பக்கம் ஊரே மூடிக் கிடக்கும். மலைக்கு அந்தப் பக்கம் தமிழர்கள் நிறைய இருப்பதால் கேரள அரசு திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு என ஆறு மாவட்டங்களுக்கு மட்டும் அன்று ஒரு நாள் உள்ளூர் விடுமுறை விடுகிறது. கொட்டாரக்கரைக்காரருக்கு அது கொல்லம் மாவட்டத்துக் கணக்கில் வந்துவிடும், கோட்டயத்துக்காரருக்கு வராது. ஓணத்துக்கு இதன் தலைகீழ். அவர்களுக்குப் பள்ளிக்கூடமே பத்து நாள் மூடும். நமக்கு கன்னியாகுமரி, கோயம்புத்தூர், நீலகிரி, சென்னை போன்ற சில மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம், மற்ற ஊர்களில் அன்று சாதாரண வேலை நாள்.

ஆகவே ஓணத்தின்போது வருவது மேலிருந்து கீழே வரும் கூட்டம். பொங்கலின்போது போவது கீழிருந்து மேலே போகும் கூட்டம். கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எதிர்த்திசை ஓரளவு காலியாக இருக்கும், போலீஸ்காரர் ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை விட்டுச் சமாளித்துவிடுவார். சீசன் நடக்கும் மாதங்களில் இரண்டு மாநிலமும் சேர்ந்து மூடுகிற, இரண்டு பக்கத்து ஆலையும் வங்கியும் பள்ளியும் ஒரே நாளில் ஆளை வெளியே விடுகிற நாள் என்று எடுத்தால், சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது ஆகஸ்ட் 15. ஜனவரி 26-ல் அருவியில் பெரிய தண்ணீர் இருக்காது. அக்டோபர் 2-ல் தென்மேற்குப் பருவமழை முடிந்திருக்கும். தேசிய விடுமுறை மூன்றில் தண்ணீரோடு வருவது இது ஒன்றுதான்.

ஆடிக் கடைசி

பஞ்சாங்கத்துக்கு வருவோம். ஆகஸ்ட் 15 எப்போதும் ஆடி மாதத்தின் கடைசி ஒன்றிரண்டு நாட்களில் விழும். ஆடியில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. மலையாளத்தில் அதே மாதம் கர்க்கடகம், அங்கேயும் நல்ல காரியம் எதுவும் வைக்கமாட்டார்கள். மழையோடு பஞ்சமும் சேர்ந்துகொள்ளும் மாதம் என்பதால் பஞ்ச கர்க்கடகம் என்றே பெயர்.

இதை யோசித்துப் பாருங்கள். நம் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமையையும் விடுமுறையையும் தின்பது எது? முகூர்த்தம்தான். வைகாசியில் ஒரு லீவு நாள் வந்தால் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு புதுவீடு என்று அந்த நாள் போய்விடும், டூர் போகலாம் என்று வாயெடுக்கவே முடியாது. ஆடியில் அந்தத் தொல்லை கிடையாது. பத்திரிகை வராத மாதத்தில் வருகிற விடுமுறை என்பதால் குடும்பம் மொத்தமும் சும்மா இருக்கிறது, வேனும் வாடகைக்குக் கிடைக்கிறது (கல்யாணத்துக்கு ஓடாத வேன் அருவிக்கு ஓடத்தானே செய்யும்).

இரண்டு நாள் கழித்து, பெரும்பாலும் ஆகஸ்ட் 17-ல், ஆவணி பிறக்கிறது. அங்கே அது சிங்ஙம் 1, மலையாள வருடப் பிறப்பு. மாதப் பூஜைக்குச் சபரிமலை நடை முந்தின நாள் மாலையே திறந்துவிடும். சுதந்திர தினம் வெள்ளி, சனியில் வந்துவிட்டால் குளிக்கப் போகிறவர்களோடு மலைக்குப் போகிறவர்களும் அதே சாலையில் சேர்ந்துகொள்கிறார்கள். ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை என மூன்று ஐயப்பன் கோயில்கள் இந்தச் சுற்றிலேயே இருப்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள்?

நம் ஆட்கள் அங்கே போவது புரிகிறது. பாலருவி, தென்மலை அணை, பக்கத்திலேயே பதிமூன்று கண் பாலம். ஆனால் மழை கொட்டுகிற கேரளத்தில் இருந்து, வீட்டுக்குப் பின்னாலேயே ஆறு ஓடுகிறவர்கள், குளிக்க ஏன் குற்றாலம் வருகிறார்கள்? வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்பதுண்டு.

விடை மலையின் அமைப்பில் இருக்கிறது. தென்மேற்குக் காற்று கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மேற்குச் சரிவில் மோதி, அங்கேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடும். கிழக்குச் சரிவில் இறங்கும்போது காற்று காய்ந்துவிடுவதால் நம் பக்கத்துச் சமவெளிக்கு மழை இல்லை, இதற்கு மழை மறைவுப் பகுதி என்று பெயர். ஆனால் ஆரியங்காவில் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாய் விடுகிறது. காற்றும் மேகமும் அதன் வழியாகப் புகுந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கின்றன. முழு மழையாக இல்லாமல் தூறலும் குளிர்காற்றும் இடையிடையே வெயிலுமாக வருகிற அதைத்தான் சாரல் என்கிறோம். மேலே காட்டில் பெய்யும் மழை சிற்றாற்றில் இறங்கி அருவியாக விழும். கீழே நிற்கிறவன் தலையில் தூறல் மட்டும் விழும். தண்ணீர் பெரிது, மழை சிறிது. இந்தச் சேர்க்கை மேற்குப் பக்கத்தில் கிடைப்பது கஷ்டம், அங்கே அருவி நிறைந்திருக்கும் நாளில் வானமும் சேர்ந்து ஊற்றும்.

இன்னொன்றும் இருக்கிறது. குற்றாலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் சாலையில் இருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் விழுகின்றன. வயதானவர்களைக்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்திவிடலாம். பாலருவிக்கு நுழைவு வாயிலில் வண்டியை விட்டுவிட்டு, சீட்டு வாங்கி, வனத்துறை வண்டியில் காட்டுக்குள் போக வேண்டும். 300 அடி உயரத்தில் இருந்து பால் மாதிரி விழுகிற அருவி, பார்க்க அது அழகு. குளிக்கக் குற்றாலம் வசதி. வருகிறவர்கள் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும் சாப்பிடாமல் திரும்புவதில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம், பிற்பகல் ஒரு மணிக்கு அந்த இடத்தில் சாலையோரம் நிற்கும் கார்களை எண்ணிப் பாருங்கள்.

நகர்ந்துபோன எல்லை

பிரானூர் பார்டர் என்று சொன்னேனே, அங்கே இப்போது எந்த எல்லையும் இல்லை. கேரள எல்லை அதற்கு மேற்கே, புளியரை தாண்டிக் கோட்டைவாசலில் இருக்கிறது. பிறகு ஏன் அந்தப் பெயர்? 1956 நவம்பர் 1 வரைக்கும் எல்லை அங்கேதான் இருந்தது. கிழக்கே தென்காசி சென்னை மாகாணம், மேற்கே செங்கோட்டை திருவிதாங்கூர். மாநிலச் சீரமைப்பில் குமரி மாவட்டத்துத் தாலுகாக்களோடு செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லை மேற்கே போய்விட்டது, பெயர் மட்டும் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டது. செங்கோட்டையின் பழைய நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் பார்க்கலாம்.

அதனால் "1947 ஆகஸ்ட் 15" என்ற தேதிக்கே இந்தச் சில கிலோமீட்டருக்குள் இரண்டு அர்த்தம் இருந்தது. தென்காசியில் அன்று வெள்ளைக்கார ஆட்சி முடிந்தது. செங்கோட்டையில் இருந்தது மகாராஜா ஆட்சி. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில், திருவிதாங்கூர் இந்தியாவோடு சேராது, தனி நாடாகவே இருக்கும் என்று அறிவித்தார். ஜூலை 25-ல் திருவனந்தபுரத்தில் அவரை வெட்டினார்கள், உயிர் பிழைத்தார். அடுத்த சில நாட்களில் மகாராஜா சித்திரைத் திருநாள் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார். அந்த முடிவு வேறு மாதிரி போயிருந்தால், ஆகஸ்ட் 15 பிரானூருக்குக் கிழக்கே மட்டும் தேசிய நாளாகவும், மேற்கே போகப் பாஸ்போர்ட் கேட்கிற நிலையாகவும்கூட ஆகியிருக்கலாம். செங்கோட்டையில் பிறந்து, திருவிதாங்கூரின் புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்து, பிரிட்டிஷ் மாகாணத்து மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டவர் வாஞ்சிநாதன். ஆட்சி எல்லை ஒரு பக்கம், மனிதர்கள் ஒரு பக்கம் என்பதற்கு இந்த ஊரில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

தேதியின் கதை இன்னும் சுருக்கம். ஆகஸ்ட் 15-ஐத் தேர்ந்தெடுத்தவர் மவுண்ட்பேட்டன். 1945-ல் ஜப்பான் சரணடைந்த நாளின் இரண்டாம் ஆண்டு என்பது அவர் மனதில் இருந்த காரணம். காங்கிரஸ் 1930-ல் இருந்து சுதந்திர தினமாகக் கொண்டாடி வந்தது ஜனவரி 26. அந்தத் தேதியை விட்டுவிடக் கூடாது என்றுதான் அரசியல் சட்டத்தை 1950-ல் அதே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நமக்கு இரண்டு தேசிய நாள் கிடைத்தது இப்படித்தான்.

பார்க்கப் போகும் நாள், கிளம்பிப் போகும் நாள்

தேசிய நாளைச் சுற்றுலாவோடு சேர்த்துப் பேசும்போது இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, அந்த நாளையே பார்க்கப் போவது. பாரிஸில் ஜூலை 14 அணிவகுப்பு, சிங்கப்பூரில் ஆகஸ்ட் 9 கொண்டாட்டம் இந்த வகை. சிங்கப்பூர் அணிவகுப்புக்கு அனுமதிச் சீட்டையே குலுக்கலில்தான் கொடுக்கிறார்கள்.

இரண்டு, அந்த நாள் லீவு என்பதால் வேறெங்கோ போவது. நம் ஆகஸ்ட் 15 முழுக்க இந்த வகை. செங்கோட்டைக்கும் டெல்லி செங்கோட்டைக்கும் பெயர் ஒற்றுமை உண்டே தவிர, கொடியேற்றம் பார்க்க இங்கே யாரும் வேன் பிடித்து வருவதில்லை. கொடியேற்றத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பங்கு இருப்பது வேறு விஷயம்: மாநிலங்களில் சுதந்திர தினக் கொடியை 1973 வரை ஆளுநர்கள்தான் ஏற்றினார்கள், கருணாநிதி கேட்டு வாங்கியதால் 1974-ல் இருந்து எல்லா மாநிலத்திலும் முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள்.

மூன்றாவதாக ஒன்றையும் எல்லைக்காரர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அடுத்த நாட்டின் தேசிய நாள். கடையநல்லூர், தென்காசிப் பக்கமும் சரி, கொல்லம் பக்கமும் சரி, வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அமீரகத்தின் தேசிய நாள் டிசம்பர் 2, விடுமுறை 2, 3. சவூதியின் தேசிய நாள் செப்டம்பர் 23. அந்த நாடு கொண்டாடுகிற நாளில் நம் ஊர்க்காரர் விமானம் ஏறி வீட்டுக்கு வருகிறார்.

கிழமைக் கணக்கு

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சிங்கப்பூரில் தேசிய நாள் ஞாயிறில் விழுந்தால் திங்கள் லீவு. அமீரகத்தில் விடுமுறையை வாரத் தொடக்கத்துக்கோ கடைசிக்கோ நகர்த்த 2025 முதல் விதியே இருக்கிறது. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. ஞாயிறில் விழுந்தால் விழுந்ததுதான்.

2025-ல் ஆகஸ்ட் 15 வெள்ளி, மூன்று நாள் சேர்ந்து கிடைத்தது. 2026-ல் சனி. 2027-ல் ஞாயிறு. 2028 லீப் வருடம் என்பதால் திங்களைத் தாண்டிச் செவ்வாய்க்குக் குதித்துவிடும், திங்கள் ஒரு நாள் லீவு போட்டால் நான்கு நாள்.

சனிக்கிழமையில் வருவது எல்லோருக்கும் ஒன்றல்ல. வங்கிகளுக்கு 2015 செப்டம்பரில் இருந்து இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை. 15-ஆம் தேதி சனியாக இருந்தால் அது எப்போதும் மூன்றாவது சனியாகத்தான் இருக்கும், ஆகவே வங்கிக்காரருக்கு ஒரு நாள் லாபம். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்குச் சனி ஏற்கெனவே விடுமுறை, அவர்களுக்கு நஷ்டம். கேரள அரசு அலுவலகங்களில் இரண்டாவது சனி மட்டுமே விடுமுறை என்பதுதான் நெடுநாள் வழக்கம், அவர்களுக்கும் லாபம். எனவே சனியில் வரும் ஆகஸ்ட் 15-ல் மேலிருந்து இறங்கும் கூட்டம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்.

வண்டி, பாஸ், பாட்டில்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தக் காருக்கு, வெள்ளை போர்டு வண்டிக்கு, கேரளாவுக்குள் போய்வர பெர்மிட் வேண்டாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் இருந்தால் போதும். மஞ்சள் போர்டு வேன், டாக்ஸிக்கு பெர்மிட்டும் வரியும் உண்டு. அதை ஆன்லைனில் முதல் நாளே கட்டிவிட்டு வருகிற டிரைவரைப் பிடியுங்கள். செக்போஸ்ட் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு செல்போனில் ஓடிபிக்குக் காத்திருக்கும் டிரைவர்தான் பின்னால் நிற்கும் நூறு வண்டிக்கும் காரணம்.

இ-பாஸ் என்று கேள்விப்படுவது நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் வந்த நடைமுறை அது. குற்றாலத்துக்கோ தென்மலைக்கோ கிடையாது. ஒரு முறை கையால் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019-ல் இருந்தும் கேரளத்தில் 2020-ல் இருந்தும் தடை, வனத்துறை வாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

அந்த இன்னொரு பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுதந்திர தினத்தன்று டாஸ்மாக் மூடல். "மலை ஏறினால் கிடைக்கும்" என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அங்கேயும் அரசுக் கடை மூடித்தான் இருக்கும். இது மற்ற நாட்களில் வேறு மாதிரி: கேரளத்தில் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி மது விற்பனை கிடையாது, நம்மிடம் அந்த வழக்கம் இல்லை, ஆகவே மாத முதல் தேதியில் சாலை எந்தத் திசையில் ஓடும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அருவி மூடினால் என்ன ஆகும்?

நெரிசலின் கடைசிக் காரணம் இது, இதுதான் மோசமானதும்கூட. மேலே காட்டில் பெரிய மழை பெய்தால் பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும், போலீஸ் குளிக்கத் தடை போடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். கீழே நிற்கிறவர்களுக்கு மழையே தெரியாது, அதுதான் இந்த இடத்தின் ஆபத்து. மேலே சொன்ன "தண்ணீர் பெரிது, மழை சிறிது" என்ற அதே சங்கதி இங்கே ஆளைக் கொல்கிறது. ஆகவே தடை போட்டால் தடையை மதிக்க வேண்டும், "அஞ்சு நிமிஷம் விடுங்க சார்" என்று கெஞ்சக் கூடாது.

ஆனால் போக்குவரத்துக்கு இதனால் நடப்பது என்னவென்றால்:

1. பேரருவி மூடியதும் கூட்டம் ஐந்தருவிக்குத் திரும்பும். அங்கேயும் தடை என்றால் பழைய குற்றாலம்.

2. மூன்றும் மூடினால், வந்த வண்டியைச் சும்மா திருப்ப மனம் வராது. "பாலருவி பார்த்துட்டு வந்துடலாம்" என்று மொத்தமாகக் கணவாய் ஏறும்.

3. ஒரே மழை, ஒரே மலை. இங்கே வெள்ளம் என்றால் அங்கேயும் பெரும்பாலும் மூடியிருப்பார்கள். அதைத் தெரிந்துகொள்வது ஆரியங்காவு போய்ச் சேர்ந்த பிறகு.

4. அப்போது எதிரே கேரளத்து வண்டிகள், குற்றாலம் மூடிய செய்தி தெரியாமல் இறங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு நடுவே கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், 1904-ல் ஓட ஆரம்பித்த கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையின் பாலம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வளைந்து வளைந்து போகும் சாலையில் ஒரு கார் செல்ஃபிக்கு நின்றால் பின்னால் வரும் பஸ் ஒதுங்க இடமில்லை.

அந்த ரயில் பாதையையே பயன்படுத்தலாமே என்று கேட்டால், கேட்க வேண்டிய கேள்விதான். அகலப் பாதையாக்க 2010-ல் மூடிய புனலூர்–செங்கோட்டை மலைப் பாதை 2018-ல் முழுதாகத் திறந்தது. பாலக்காட்டில் இருந்து வரும் பாலருவி எக்ஸ்பிரஸ் இப்போது தூத்துக்குடி வரை போகிறது, சென்னையில் இருந்து கொல்லம் எக்ஸ்பிரஸும் இந்த வழிதான். ஏற்றத்தில் தள்ளிவிடப் பின்னால் ஒரு எஞ்சின் சேர்த்து ஓட்டுகிற பாதை இது. ஆனால் வண்டிகள் குறைவு, ஓடுகிற நேரமும் காலையில் போய்க் குளித்துவிட்டு மாலையில் திரும்புகிறவருக்குத் தோதாக இல்லை. சுதந்திர தினத்துக்குச் செங்கோட்டையில் இருந்து புனலூருக்குப் பகலில் இரண்டு நடை சிறப்பு ரயில் விட்டால்கூட அந்த மலைச் சாலை எவ்வளவோ மூச்சு விடும்.

யாருக்கு லீவு இல்லை

லாட்ஜ், ஹோட்டல், பார்க்கிங், ஆட்டோ, துப்புரவு, போலீஸ், வனத்துறை, பஸ் டிரைவர். இவர்களுக்கு ஆகஸ்ட் 15 வருடத்திலேயே கனமான வேலை நாள். முன்னால் சொன்ன 1958 சட்டம் தமிழ்நாட்டில் இதற்கு வழி சொல்கிறது: அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளமும் பதிலுக்குச் சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறையும். சீசனுக்கு மட்டும் வெளியூரில் இருந்து வந்து புரோட்டா மாவு அடிக்கிற பையனுக்கு இது கிடைக்கிறதா என்றால், அவனுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே பல இடங்களில் தெரியாது. அறை வாடகையை மட்டும் அன்று இரட்டிப்பாக்கத் தெரிந்தவர்களுக்குச் சம்பளத்தில் அந்தக் கணக்கு மறந்துபோவது வேடிக்கைதான்.

உள்ளூர்க்காரர்களுக்கும் காலையில் வேலை உண்டு. தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் நாட்களில் ஆகஸ்ட் 15 ஒன்று. எல்லையோரக் கிராமங்களில் சாலை, குடிநீர், குப்பை பற்றி வாய் திறந்து பேசக் கிடைக்கும் நாள். சீசன் குப்பையைப் பற்றித் தீர்மானம் போட வேண்டிய கூட்டம், சீசன் கூட்டம் ஊருக்குள் நுழைகிற அதே முற்பகலில் நடக்கிறது.

அன்றைக்குப் போகத்தான் போகிறேன் என்றால்

காலை எட்டு முதல் பத்து வரை பள்ளிக்கூட வாசல்களிலும் அலுவலக வாசல்களிலும் கொடியேற்றம், பிள்ளைகள் சாலையில் இருப்பார்கள். அது முடிந்து மிட்டாய் வாங்கிய கையோடு பத்தரைக்கு எல்லா வீட்டிலும் வண்டி கிளம்பும், மலைக்கு இரண்டு பக்கமும். பதினொன்றில் இருந்து ஒன்று வரை கணவாயில் நிற்கும் நெரிசல் இதனால் உண்டாவது. விடியற்காலையிலேயே அருவிக்குப் போய் எட்டு மணிக்குள் குளித்து முடித்துவிட்டால் இதில் எதிலும் மாட்டமாட்டீர்கள், இரவிலும் அருவியில் விளக்கு போட்டு விடுகிறார்கள்.

மலை தாண்டுவதாக இருந்தால் கிளம்பும் முன் குற்றாலத்தில் தடை இருக்கிறதா, பாலருவி திறந்திருக்கிறதா என்று இரண்டையும் சேர்த்து விசாரியுங்கள், ஒன்றை மட்டும் விசாரித்துப் பயனில்லை. பணம் 14-ஆம் தேதியே எடுத்துக்கொள்ளுங்கள், மறுநாள் மதியத்துக்குள் ஏடிஎம்மில் ஒன்றும் இருக்காது. தக்கலை வழியாகப் போய்ப் பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கலாம் என்று திட்டம் இருந்தால் இன்னும் ஒரு தடவை யோசியுங்கள்: தமிழ்நாட்டு மண்ணில் கேரளத் தொல்லியல் துறை நடத்துகிற அந்த அரண்மனை திங்கட்கிழமைகளிலும் தேசிய விடுமுறைகளிலும் மூடியிருப்பது வழக்கம். இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான அன்றைய லீவு அரண்மனைக் காவலாளிக்கும் சேர்த்துத்தான்.